கீமேன் சுத்தியல் டெண்டர்: யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்று எங்கே பார்ப்பது?

பேட்டைப் பட்டறைக்காரன் கேட்கிறார்:

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஓர் உலை, பழைய பவர் ஹேமர் ஒன்று, என்னையும் சேர்த்து ஐந்து பேர். அப்பா இருந்த வரை மண்வெட்டி, அரிவாள், கடப்பாரைதான். அறுவடைக்கு மெஷின் வந்த பிறகு அரிவாள் கேட்டு வருகிறவர்கள் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்துகூடக் குறைந்துவிட்டார்கள். அதனால் மூன்று வருடமாக ரயில் பாதைக் கைக்கருவிகள் பக்கம் திரும்பியிருக்கிறேன்.

கடந்த ஆனியில் ஒரு ரயில்வே கிடங்குக்கு 450 கீமேன் சுத்தியல் கேட்டு இணையத்தில் டெண்டர் வந்தது. எந்தக் கிடங்கு என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அந்த வாசலில் நான் போய் நிற்க வேண்டும். தண்டவாளத்தோடு தினமும் நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து உட்கார வைக்கிறவர்தான் கீமேன். நாள் முழுக்கத் தோளில் கிடக்கிற சுத்தியல் அது. தலை கனத்துவிட்டால் அவர் வாயில் நாம் விழ வேண்டும். பதம் குறைந்துவிட்டால் நாலு மாதத்தில் முகம் காளான் போல விரிந்துவிடும். மாதிரிக்கு ஆறு அடித்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றி, தண்டவாளத் துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்த பிறகுதான் விலை போட்டேன். ஒன்று 640 ரூபாய்.

கிடைக்கவில்லை. கிடைக்காதது புதிதல்ல. ஆனால் போன வாரம் லாரி புக்கிங் ஆபீஸில் ஒருவர், அந்த ஆர்டர் 712 ரூபாய்க்கு வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனதாகச் சொன்னார். 640 சொன்னவன் இங்கே இருக்கும்போது 712 கொடுத்து வாங்குவானேன்? ஒன்றுக்கு 72 ரூபாய், 450-க்கு 32,400 ரூபாய். இந்தக் கணக்கு இரண்டு இரவாக என்னைத் தூங்கவிடவில்லை.

விலையை இணையத்தில் ஏற்றியது என் அக்கா மகன். அவன் இப்போது கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் குச்சியும் அவன் பையோடு போய்விட்டது. அதனால் உள்ளே போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை.

என் மைத்துனர் கனடாவில் இருக்கிறார். அங்கே ரயில் நிறுவனம் யாரிடம் என்ன வாங்கியது, எவ்வளவுக்கு வாங்கியது என்பதையெல்லாம் வர்த்தக ஒப்பந்த விதிப்படி வெளியிட்டே ஆக வேண்டும் என்கிறார். நம் ரயில்வேக்கு அப்படி ஒரு கட்டாயம் உண்டா? இருந்தால் என்னைப் போன்றவன் அதை எங்கே பார்ப்பது? போன வருடம் இங்கிலாந்தோடு ஒப்பந்தம் போட்டார்களே, அதனால் ஏதாவது மாறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூரான்:

முதலில் எந்த அலுவலகத்தின் டெண்டர் என்பதைச் சரியாகப் பிடியுங்கள். நம் பக்கத்தில் இதிலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் மதுரைக் கோட்டம். அங்கிருந்து தெற்கே வந்தால் நாங்குநேரியும் எங்கள் வள்ளியூரும் திருவனந்தபுரம் கோட்டம். எங்கள் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு உடைந்தால் மலைக்கு அந்தப் பக்கம் மனு போக வேண்டும். இரண்டு கோட்டமும் தெற்கு ரயில்வேதான் என்பதால் தேடும்போது மண்டலத்தைக் கொடுத்துத் தேடுங்கள். கோட்டத்தின் பெயரில் மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்காரன், பாளையங்கோட்டை:

தம்பி, உங்கள் 640-ம் அவருடைய 712-ம் ஒரே சாதி விலையா என்று முதலில் பார்க்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் ரயில்வே ஸ்டோர்ஸில் காகிதம் தூக்கியவன் நான். தோற்றவர் பத்துப் பேர் புகார் சொல்லி வந்தால் ஏழு பேருடைய கணக்கு இந்த இடத்தில்தான் உடையும்.

விலைப்புள்ளியில் நீங்கள் நிரப்பும் கட்டங்களை நினைத்துப் பாருங்கள். அடிப்படை விலை ஒரு கட்டம். பேக்கிங் கூலி தனி. லாரிக் கூலி தனி. ஜிஎஸ்டி தனி. ஒப்பீட்டுப் பட்டியலில் கம்ப்யூட்டர் இவை எல்லாவற்றையும் கூட்டி, பொருள் கிடங்கு வாசலில் இறங்கும்போது ஒன்றுக்கு என்ன ஆகிறது என்றுதான் வரிசைப்படுத்தும். மிகக் குறைந்த விலைக்காரர் எல்-1, அடுத்தவர் எல்-2 என்பதெல்லாம் அந்தக் கூட்டுத் தொகையை வைத்துத்தான். ஊரில் வாய்வழியே பரவும் விலையும் பெரும்பாலும் அதுதான். நீங்கள் மற்ற கட்டங்களில் என்ன போட்டீர்கள் என்று மருமகனிடம் போனில் கேட்டு இங்கே எழுதுங்கள். அதற்குப் பிறகு 32,400 ரூபாயைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது, எங்கே பார்ப்பது. ரயில்வேயின் இணையக் கொள்முதல் தளமான ஐஆர்இபிஎஸ்-இல் டெண்டரைத் தேடுவதற்குப் பக்கத்திலேயே கொள்முதல் ஆணையைத் தேடவும் வசதி இருக்கிறது. அதற்குக் கையொப்பக் குச்சி வேண்டாம். கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் ஒருமுறைக் கடவுச்சொல் வரும், உள்ளே போய்விடலாம். மண்டலம், தேதி, பொருளின் பெயர் கொடுத்துத் தேடுங்கள். 'ஹேமர்' என்று தேடி வரவில்லை என்றால் 'கீமேன்' என்று தேடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் டெண்டர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். பொருளுக்குப் பெயர் வைப்பதில் எங்கள் இலாகாவுக்கு ஒரு தனிக் கற்பனை வளம் உண்டு. போட்டியில் இருந்த எல்லோருடைய விலையையும் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் குச்சி வேண்டும். விலை போட்டவர்களுக்குத்தான் அந்தப் பட்டியல் திறக்கும்.

மூன்றாவது, கட்டாயம் உண்டா என்பது. உண்டு. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 173-ஆவது விதி கொள்முதலில் வெளிப்படைத்தன்மை பற்றியது. ஒப்பந்தம் யாருக்குப் போனதோ அவர் பெயரை வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. தன் விலைப்புள்ளி தள்ளப்பட்டதை ஒருவர் கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியதைச் சொல்வது. அதை எப்படிச் செய்வது என்று 2013 ஏப்ரலில் மத்திய அரசு வழிகாட்டுதல் அனுப்பியது. டெண்டர் அறிவிப்பு மட்டும் போதாது, யாருக்கு என்ன விலையில் கொடுக்கப்பட்டது என்பதும் வர வேண்டும் என்று அது சொல்கிறது. இதற்கெல்லாம் உலக வணிக அமைப்பு இருக்கும் ஜெனீவா வரை போக வேண்டியதில்லை.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், வயதானவன் புலம்பல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டெண்டர் என்பது ஒரு தகரப் பெட்டி. இரண்டு பூட்டு, ஒரு சாவி எங்கள் அதிகாரியிடம், இன்னொரு சாவி கணக்குப் பிரிவில். குறித்த நேரத்துக்கு இருவரும் வந்து திறப்பார்கள். வந்திருக்கும் வியாபாரிகளுக்கு முன்னால் ஒவ்வோர் உறையாகக் கிழித்து விலையைச் சத்தமாக வாசிப்போம். அடித்தல் திருத்தல் இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு இருவரும் சுருக்கொப்பம் வைப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எல்லோருடைய விலையையும் எழுதிக்கொள்வார்கள். அன்றைக்கு அதுதான் அறிக்கை. விலையோடு வரி சேர்ந்ததா, லாரிக் கூலி சேர்ந்ததா என்று நாங்கள் வாசிக்கும்போதே ஒருவர் எழுந்து கேட்பார், பதில் கிடைத்துவிடும். திரைக்கு மாறிய பிறகு தகவல் கூடியிருக்கிறது. எழுந்து கேட்கிற அந்த ஆள்தான் இல்லாமல் போனார். உங்களுக்கு லாரி புக்கிங் ஆபீஸ் வழியாகச் செய்தி வந்தது அதனால்தான்.

மொன்றியல்காரன், சொந்த ஊர் கடையநல்லூர்:

பட்டறை அண்ணாச்சி, உங்கள் மைத்துனர் சொன்னது சரி. ஆனால் உங்கள் சுத்தியலுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம். நான் இங்கே ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன், அதனால் இந்த விதிகளோடு தினசரிப் பழக்கம்.

உலக வணிக அமைப்பில் அரசுக் கொள்முதல் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. திருத்திய வடிவம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அமைப்பில் இருக்கும் எல்லா நாடுகளும் இதில் இல்லை, விரும்பிச் சேர்ந்தவைதான். சேர்ந்த ஒவ்வொரு நாடும் தன்னுடைய எந்தெந்த அமைப்புகள் இதற்குக் கட்டுப்படும் என்று பட்டியல் கொடுத்திருக்கிறது. கனடா கொடுத்த பட்டியலில் இங்குள்ள பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயிலும் இருக்கிறது.

அதன் விதிப்படி, ஒருவருக்கு ஆர்டர் கொடுத்து 72 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும். வாங்கியது என்ன, வாங்கிய அமைப்பு எது, வென்றவர் பெயரும் முகவரியும், தொகை, தேதி, எந்த முறையில் வாங்கப்பட்டது என்பவை அதில் இருக்க வேண்டும். தொகைக்குப் பதிலாக, பரிசீலித்ததில் மிக உயர்ந்த விலையையும் மிகக் குறைந்த விலையையும் போடவும் இடம் உண்டு. பொது டெண்டர் விடாமல் ஒருவரிடம் மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். தோற்றவர் எழுதிக் கேட்டால் ஏன் தோற்றார், வென்றவரிடம் என்ன கூடுதலாக இருந்தது என்று விளக்க வேண்டும். காகிதங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இது தனித்தனி ஒப்பந்தத்துக்கான அறிவிப்பு. இதற்கு மேல், மொத்தம் எவ்வளவு வாங்கினோம் என்று நாடு ஆண்டுவாரியாகப் புள்ளிவிவரம் கொடுப்பது தனி. கனடாவுக்குள் மாகாணங்களுக்கு இடையே 2017-இல் வந்த உள்நாட்டு வணிக ஒப்பந்தமும், அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தமும் இதே அச்சில் வார்த்தவை. ஐரோப்பாவில் இன்னும் கெடுபிடி. ரயில் நிறுவனங்கள் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

இந்த விதிகள் இங்கே எவ்வளவு தூரம் கடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 டிசம்பரில் வியா ரயில் 32 ரயில் தொடர்களுக்கு 98.9 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஜெர்மன் கம்பெனியான சீமென்ஸுக்குக் கொடுத்தது. பெட்டிகள் கட்டுவது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில். நான் இருக்கும் கியூபெக் மாகாணத்திலேயே பொம்பார்டியரின் ரயில் தொழிற்சாலை இருந்தது. எங்கள் அலுவலகக் கேண்டீனில் இரண்டு வாரம் இதே பேச்சு. உள்நாட்டில் இவ்வளவு செய்ய வேண்டும் என்று ஏன் நிபந்தனை வைக்கவில்லை என்று கேட்டால், வர்த்தக ஒப்பந்தங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் பதில். வெளியிடுகிற கடமையும் உள்ளூர்க்காரனைத் தூக்கிவிட முடியாத கட்டுப்பாடும் ஒரே மூட்டையில்தான் வருகின்றன, அண்ணாச்சி. ஒன்றை மட்டும் உருவிக்கொள்ள முடியாது.

இந்தியா அந்தக் கொள்முதல் ஒப்பந்தத்தில் உறுப்பினர் இல்லை. 2010-இலிருந்து பார்வையாளர் மட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்திலும், இங்கிலாந்தோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்திலும் அரசுக் கொள்முதலுக்கு அத்தியாயம் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட விதிகள் எல்லாமே ஒரு தொகைக்கு மேல்தான் பிடிக்கும். உலக வணிக அமைப்பின் ஒப்பந்தத்தில் ரயில் நிறுவனம் போன்றவற்றுக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு, பொருள் வாங்குவதற்கு நம் பணத்தில் நாலு கோடிக்கு மேல். உங்கள் ஆர்டர் மூன்று லட்சத்துச் சொச்சம். இங்கிலாந்துக்காரர் உங்கள் சுத்தியலைத் தேடி வரவும் மாட்டார், அவருக்காக எழுதிய விதி உங்களுக்கு உதவவும் செய்யாது.

ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்காரன், பாளையங்கோட்டை:

மொன்றியல் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அந்த விதிகளை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது வெளிநாட்டுக்காரன். அவனுக்கு இங்கே பழக்கமான ஆள் கிடையாது, டீக்கடைப் பேச்சு காதில் விழாது, ஆகவே எல்லாம் காகிதத்தில் வர வேண்டும் என்று எழுதினார்கள். நம் கிடங்குக்குப் பேட்டைக்காரரும் அப்படி ஓர் அந்நியர்தான். அவர் கேட்பதும் அதே காகிதம்தான்.

உள்நாட்டு முன்னுரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 2017-இலிருந்து மேக் இன் இந்தியா கொள்முதல் அரசாணை இருக்கிறது. பொருளின் மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டில் உண்டானால் முதல் வகுப்பு உள்நாட்டு வழங்குநர். 20-லிருந்து 50-க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. ஆனால் ஐந்து லட்சத்துக்குக் குறைவான கொள்முதலுக்கு அந்த அரசாணை பொருந்தாது. அதனால் இந்த விஷயத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பேட்டைப் பட்டறைக்காரன்:

மருமகனிடம் கேட்டுவிட்டேன். அடிப்படை விலை 640. பேக்கிங்குக்கு 10. லாரிக் கூலி 25. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 18 சதவீதம். கூட்டிப் பார்த்தேன், 796 ரூபாய் 50 காசு வருகிறது. ஸ்டோர்ஸ் அண்ணாச்சி சொன்னபடி கைப்பேசி எண்ணைக் கொடுத்துக் கொள்முதல் ஆணையையும் தேடிப் பிடித்தேன். 'ஹேமர்' என்று தேடி வரவில்லை, டெண்டர் எண்ணில்தான் வந்தது. ஒன்று 712, வரியும் கூலியும் உட்பட, கிடங்கு வாசலில். மொத்தம் 3,20,400 ரூபாய்.

ஆக, வரி நீக்கினால் அவர் விலை 603 ரூபாய்ச் சொச்சம். நான் 675. லாரி புக்கிங் ஆபீஸ்காரர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கேட்டதைச் சொன்னார். இரண்டு இரவு தூக்கம் போனதுதான் மிச்சம்.

603-க்கு எப்படி அடிக்கிறார்கள் என்பது மட்டும் புரியவில்லை. எனக்கு இரும்பும் கரியும் கைப்பிடியுமே பாதிக்கு மேல் தின்றுவிடுகின்றன.

கணக்கர் செல்வி, வண்ணார்பேட்டை:

அண்ணாச்சி, அதற்குள் கடையைச் சாத்தாதீர்கள். நான் பேட்டையிலும் தச்சநல்லூரிலும் பத்துப் பதினைந்து பட்டறைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். உங்களுடைய 796.50-ஐப் பார்த்ததும் 712-க்கு 15 சதவீதம் போட்டேன். 818 ரூபாய் 80 காசு. நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள்.

அதிலென்ன என்று கேட்பீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் கொள்கையில் ஒரு வழி இருக்கிறது. எல்-1 ஆக வந்தவர் குறு, சிறு நிறுவனமாக இல்லாமல், அவர் விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் ஒரு குறு, சிறு நிறுவனம் விலை போட்டிருந்தால், அந்த எல்-1 விலைக்கே தருவீர்களா என்று இவரிடம் கேட்க வேண்டும். சம்மதித்தால் 25 சதவீதம் வரை இவருக்கு. முன்பு 20-ஆக இருந்ததை 2018-இல் 25 ஆக்கினார்கள். 450-க்கு 25 சதவீதம் என்றால் 112 சுத்தியல். 712 ரூபாய்க்கு அடித்துக் கொடுக்க உங்களுக்குக் கட்டுமா என்பது வேறு பேச்சு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்களிடம் யாரும் கேட்கவில்லையா?

கேட்கவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். வென்றவரும் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவரிடம் உத்யம் சான்று, அதாவது குறு, சிறு நிறுவனப் பதிவுச் சான்று, இருப்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டவும் முடியாது. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் 2021-இலிருந்து உத்யம் கிடைக்கிறது, ஆனால் அது வங்கிக் கடனுக்கு மட்டும்தான், கொள்முதல் முன்னுரிமைக்கு ஆகாது. இல்லையென்றால் உங்களுக்கு முன்னால் இன்னொரு சிறு பட்டறை எல்-2 ஆக நின்றிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், நீங்கள் குறு நிறுவனம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். விலைப்புள்ளியில் அதற்கென்று ஒரு கேள்வி இருக்குமே, மருமகன் அதில் என்ன நிரப்பினார்? உத்யம் சான்றை ஏற்றினாரா?

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் போய், தண்டவாளம் கயிற்றுப் பாலம் மாதிரி அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் இருந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் டெண்டர் விட்டு, 21 நாள் காத்திருந்து வேலை நடக்குமா? அந்த மாதிரி வேலைகளும் வெளியே வர வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்காரன், பாளையங்கோட்டை:

நடக்காது, காத்திருக்கவும் கூடாது. கிடைத்த லாரியில் கிடைத்த ஜல்லியை ஏற்றிக்கொண்டு போவதுதான் நியாயம். அவசரத்துக்கு ஒரே ஆளிடம் வாங்க எந்த நாட்டு விதியிலும் இடம் இருக்கிறது. மொன்றியல் தம்பி சொன்னாரே, ஒருவரிடம் மட்டும் வாங்கினால் காரணத்தை எழுத வேண்டும் என்று. அந்த வரிக்கு உண்மையில் வேலை வருவது இங்கேதான். 'வெள்ளத்தில் பாதை அரித்துப்போனது, உடனே ரயில் ஓட வேண்டும்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து அலுவலகத்துக்கு நாற்காலி வாங்கும்போதும் 'அவசரம்' என்றே எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். சிரிப்பான் என்ற பயம் எழுதுகிறவனுக்கு இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் தணிக்கைக்காரர் வந்தால்தான் அந்தப் பயம் வரும்.

பேட்டைத் தம்பிக்கு: செல்வி சொன்னதுதான் இப்போது முக்கியம், நான் அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். கொள்முதல் ஆணையில் வென்றவர் குறு நிறுவனமா இல்லையா என்று தெரியாது. அதற்கு ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். முதலில் குச்சியை வரவழையுங்கள். அதிலும் தெளிவில்லை என்றால் அந்த அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் காரணம் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். எடுத்த எடுப்பில் மனுப் போட வேண்டாம். அதை அவர்கள் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கு அங்கே நாளைக்கும் வேலை இருக்கிறது.

பேட்டைப் பட்டறைக்காரன்:

குச்சி வந்துவிட்டது. மருமகன் ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து ஆம்னி பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தான். செல்வி தங்கச்சி நேற்று மாலை பட்டறைக்கே வந்து, உலைச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து திறந்து காட்டினார்.

மொத்தம் ஐந்து பேர் விலை போட்டிருக்கிறார்கள். 712 எல்-1. எல்-2 நான்தான். வென்றவருக்கு நேரே குறு, சிறு நிறுவனமா என்ற இடத்தில் 'இல்லை' என்றிருக்கிறது. எனக்கு நேரேயும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது. உத்யம் சான்று எங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் மட்டும் போகவில்லை.

மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்த டெண்டரில் முன்வைப்புத் தொகை கேட்கவில்லை மாமா. சான்று காட்டினால் தொகை கட்ட வேண்டாம் என்பதற்குத்தான் அந்தக் கேள்வி என்று நினைத்து விட்டுவிட்டேன்" என்றான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன். நான் பார்த்ததெல்லாம் 640 சரியாக விழுந்ததா என்று மட்டும்தான். ஆபீஸ்மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் படித்திருக்கிறார்கள்.

112 சுத்தியலை 712-க்கு அடிக்க முடியுமா என்று இரவு கணக்குப் போட்டேன். கைப்பிடியை வெளியில் வாங்காமல் நானே செதுக்கினால் முடியும், ஒன்றுக்கு இருபது ரூபாய்கூட நிற்காது. இருந்தாலும் தை வரை ஆட்களுக்குக் கூலி ஓடியிருக்கும்.

ஸ்டோர்ஸ் அண்ணாச்சி, இப்போது 300 கடப்பாரைக்கு ஒரு டெண்டர் திறந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை மூடுகிறது. போன இரண்டு வருடத்தில் கடப்பாரைக்குப் போன ஆணைகளைத் தேடி எடுத்து, வரியும் கூலியும் நீக்கி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை, பொருளின் பெயர் அதேதான். விவரக்குறிப்பு எண் மட்டும் வேறாக இருக்கிறது. அது வேறு இரும்பா, வேறு நீளமா? எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.